கலந்த நிறம் திரும்பாது

வெள்ளிக்கிழமை காலை, முனிச்சாலை வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்:

ராதாகிருஷ்ணன் – ஜரிகைக் கடை முதலாளி. வீட்டுக்கும் அவர்தான் முதலாளி.

சாரதாம்பாள் – அவர் மனைவி. கையில் காபித் தட்டு.

ஹரிஷ்குமார் – ஒரே மகன். கடையில் அப்பாவுக்கு அடுத்த மெத்தையில் உட்காருகிறவன்.

ரம்யாஸ்ரீ – ஹரிஷின் மனைவி. மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுவிட்டவள்.

பாண்டிராஜ், முத்திருளன் – உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெயிண்டர்கள்.

இவர்களைத் தவிர, சுவரோரம் மூன்று வாளி பெயிண்ட். அந்த வாளிகள் உண்மையில் எந்த வீட்டுக்காக வாங்கியவை என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று ஹரிஷ் நினைத்துக்கொண்டிருந்தான்.

முத்திருளன் திருப்புளியை வைத்து நெம்பி முதல் வாளியின் மூடியைத் திறந்தான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"என்னண்ணே கலரு இது? வரக்காப்பியில லேசாப் பாலைக் காட்டுன மாதிரி இருக்கு."

"ஒனக்கு எதைப் பாத்தாலும் காப்பிதேன்" என்றார் பாண்டிராஜ். "போன மாசம் ஒரு டாக்டரு வீட்டுல அடிச்சோம்ல மாப்ள, அதே ரகம். காஞ்சா ஒரு சுத்து இருட்டும். ஆனா வெயிலு பட்டுச்சுன்னு வையி, சுவரே கதகதன்னு இருக்கும்."

"மண்சுவர் மாதிரி இருக்கே" என்றாள் சாரதாம்பாள், யாருக்கும் கேட்காத குரலில்.

ராதாகிருஷ்ணனுக்குக் கேட்டுவிட்டது. "மண்ணாவது? இது அதிரசம். பதமா வெந்த அதிரசம்." படிப்பக்கம் நிமிர்ந்தார். "ஏம்மா ரம்யா, நீ எடுத்த கலர்தானே இது?"

"ஆமா மாமா."

"பிடிச்சிருக்குல்ல?"

"பிடிச்சுத்தான் எடுத்தேன் மாமா."

அவள் சொன்னதில் பொய் இல்லை. வெங்கடேஷ்பாபுவின் பெயிண்ட் கடையில் ஒரு முழு மத்தியானம் நின்று, ஷேடு கார்டை வாசல் வெளிச்சத்துக்கும் உள்ளுக்குமாக எடுத்துப்போய்ப் பார்த்து, அவள் தேர்ந்தெடுத்த நிறம் அது. வெயிலில் காய்ந்த களிமண் போல ஒரு பழுப்பு. ஆனால் தேர்ந்தெடுத்தது இந்த வீட்டுக்கு அல்ல. பழங்காநத்தத்தில் ஜெயக்கொடி அம்மாள் வீட்டு மாடிப் போர்ஷனுக்கு.

அந்த மாடியில் இரண்டு அறைகள், மேற்குப் பார்த்த ஒரு பால்கனி. "சாயங்கால வெயில் நேரா இந்தச் சுவர்ல விழும்" என்று ரம்யா அங்கே நின்று சொன்னபோது, கல்யாணமான மூன்று வருடத்தில் அவள் இனிமேல் வரப்போகிற ஒன்றைப் பற்றிப் பேசி ஹரிஷ் கேட்டது அதுதான் முதல் முறை. கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். நைட் டியூட்டி நம் வீட்டு வழக்கமில்லை என்று ராதாகிருஷ்ணன் ஒரு வரியில் நிறுத்திவிட்டார். இப்போது பழைய லேபில் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். பழங்காநத்தத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

அப்பாவிடம் சொல்வது ஹரிஷின் பொறுப்பு. பெயிண்ட் அடித்து முடித்ததும் சொல்வதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை பெயிண்ட் கடை ஆள் சின்னச்சாமி மூன்று வாளிகளையும் டிரைசைக்கிளில் ஏற்றி, பழங்காநத்தத்துக்குப் போகாமல் முனிச்சாலைக்கு வந்து இறக்கிவிட்டுப் போனார். பல வருடமாக இந்தக் குடும்பம் அந்தக் கடையில் எதை வாங்கினாலும் அது வந்து சேருகிற இடம் இந்த வீடுதான். "யாருடா இதை வாங்கினது?" என்று அப்பா கேட்டபோது ஹரிஷுக்கு உண்மையைச் சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. அவன் வாயில் வந்தது வேறு.

"நான்தாம்ப்பா. நம்ம வீட்டுக்கு. ரம்யா ஆசைப்பட்டா."

அவ்வளவுதான். மறுநாளே பாண்டிராஜ் வந்துவிட்டார்.

*

ஹரிஷ் சட்டை மாற்ற மாடிக்குப் போனான். ரம்யா பின்னாலேயே வந்தாள்.

"இன்னிக்குச் சொல்லணும்."

"சொல்றேன்."

"எப்போ?"

"கடையில வச்சு. தனியா இருக்கறப்போ."

"புதன்கிழமையும் இதையேதான் சொன்னீங்க. அன்னிக்குச் சுரண்டிப் பட்டி பார்த்தாங்க. நேத்தும் சொல்றேன்னீங்க, ப்ரைமர் அடிச்சுட்டாங்க. நீங்க வாயைத் திறக்காம இருக்க இருக்க, சுவத்துல ஒவ்வொரு கோட்டா ஏறிக்கிட்டே போகுதுங்க."

"சத்தமாப் பேசாதே. கீழே கேக்கும்."

"கேக்கட்டுமே. உங்களுக்கு வேலை மிச்சம்."

அவன் பித்தானைப் போட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்கு ஒரு முழத் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர்.

"ஜெயக்கொடியம்மா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும். விளக்கு வைத்த பிறகு வெள்ளிக்கிழமையில் அந்த அம்மாள் வீட்டிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வெளியே கொடுக்க மாட்டார். ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கும் வேறொருவர் சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு வந்துவிடுவார். ஆவணி பிறந்தாயிற்று, காலி வீடு யாருக்காகவும் காத்திருக்காது.

"ஞாபகம் இருக்கு" என்றான்.

*

அந்த வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். கடைக்குத் தமிழ். ராதாகிருஷ்ணன் வீட்டு ஆட்களிடம் திடீரென்று தமிழுக்கு மாறினால், பேச்சு முடிந்து உத்தரவு தொடங்கிவிட்டது என்று பொருள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாரதாம்பாள் கல்யாணமான முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டாள். ஹரிஷ் நடக்கப் பழகுவதற்கு முன்பே புரிந்துகொண்டான்.

அன்று காலை கடையில் அவர் வீட்டுப் பாஷையிலேயே, மிகுந்த சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். வந்தவர்களிடமெல்லாம் பெயிண்ட் பேச்சு. "இத்தனை வருஷமா நீலம் கலந்த சுண்ணாம்புதான் அடிச்சோம். மருமக வந்து மாத்திட்டா. அவ செலக்ஷன். வந்து பாருங்க."

கடை கொஞ்சம் ஓய்ந்தது. ஹரிஷ் ஜரிகைக் கட்டுகளை அடுக்குவதை நிறுத்தினான்.

"அப்பா."

"சொல்லு."

"ரம்யாவோட வேலை விஷயமா..."

போன் அடித்தது. போன் அப்பா பக்கத்தில் இருந்தது. அவர் எடுத்தார்.

"யாரும்மா? ... ஹரிஷா? இருக்கான்." ரிசீவரை நீட்டினார்.

"தம்பி, நாந்தேன் ஜெயக்கொடி பேசுறேன்!" அந்த அம்மாளுக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. பழங்காநத்தத்திலிருந்து நேராகவே கேட்டுவிடும் போலிருந்தது. "என்னப்பா, பெயிண்டரும் வரல, ஆளையும் காணல? நீங்க வாரீகளா இல்லையா? அந்த ஆளு காலையிலயே வந்து வாசல்ல நிக்கிறாரு."

"வர்றேன்."

"விளக்கு வைக்கிறதுக்குள்ள வரணும்ப்பா."

"சரி."

"ஆமா, சரி சரின்னுதேன் சொல்றீக!"

போனை வைத்தான். அப்பா ஒரு ஜரிகைக் கட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"ஒரு பார்ட்டிப்பா."

"ம். பார்ட்டியைக் காக்க வைக்கக்கூடாது" என்றார் ராதாகிருஷ்ணன். "வேலை விஷயம்னு ஏதோ சொல்ல வந்தியே?"

"அப்புறம் சொல்றேன்ப்பா."

"சரி. அவசரமில்லை."

*

அப்பா சாப்பிட வீட்டுக்குப் போனதும் ஹரிஷ் வெங்கடேஷ்பாபுவின் கடைக்குப் போனான். இன்னொரு முறை அதே பெயிண்டை வாங்கிப் பழங்காநத்தத்தில் இறக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. பேச வேண்டியவன் பொருள் வாங்கப் போவது உலகத்தில் புதிதில்லை.

வெங்கடேஷ்பாபு அவனுக்கு அத்தை மகன். போன வருடம்தான் கம்ப்யூட்டரில் நிறம் கலக்கும் மிஷின் வாங்கிப் போட்டு, அதற்குச் சந்தனம் வைத்து மாலையும் போட்டிருந்தான். கீழவாசல் சுற்று வட்டாரத்தில் அது ஒரு வேடிக்கைப் பொருள்.

"அதே கலர் இன்னொரு தடவை வேணும் மாப்ள. இன்னிக்கே."

"எதுக்குடா? மூணு வாளி பத்தலையா?"

"வேற இடத்துக்கு."

வெங்கடேஷ்பாபு கல்லாவை விட்டு எழுந்து அவனை மிஷின் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனான்.

"கலக்கறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும். ஆனா மாமாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம கலக்க மாட்டேன். அவர் வருத்தப்பட்டா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அவருக்கும் இதுக்கும் என்னடா?"

"உனக்குத் தெரியாதா?" அவன் குரலைத் தணித்தான். "செவ்வாய்க்கிழமை வாளி போய் இறங்கின உடனே போன் பண்ணினாரு. 'இதைத் திருப்பி எடுத்துக்குவியா'ன்னு கேட்டாரு. மிஷின்ல கலந்ததைத் திருப்பி எடுக்கறதில்லை மாமா, வேற யாரு வாங்குவான்னு சொன்னேன். 'அப்போ சரி, வீணாக்க வேண்டாம், இங்கேயே அடிச்சுடறேன்'னாரு. அப்புறம் சிரிச்சாரு. 'பழங்காநத்தத்துக்கு வண்டி வாடகை மிச்சம்டா'ன்னாரு."

ஹரிஷ் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் பொய் சொன்னது அதற்கும் பிறகு, ராத்திரி சாப்பாட்டு நேரத்தில். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். அவன் சொன்ன பொய்யை நிதானமாகக் கேட்டு, மோர் ஊற்றிச் சாப்பிட்டு, பாண்டிராஜுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"நீ சொன்னியா?"

"நான் ஏன்டா சொல்றேன்? நீங்க ரெண்டு பேரும் இங்கே நின்னு பால்கனி, மேக்கு வெயில்னு பேசினீங்க. முனிச்சாலை வீட்டுல பால்கனி ஏது? கடையில நின்ன நாலு பேரும் நம்ம ஆளுங்க. நீங்க தெருமுனை தாண்டறதுக்குள்ள சேதி வீட்டுக்குப் போயிருக்கும்."

"சின்னச்சாமி ஒழுங்கா அங்கே கொண்டுபோய் இறக்கியிருந்தா..."

"அவரைச் சொல்லாதே." வெங்கடேஷ்பாபுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மனுஷன் உன்கிட்ட கேட்டுட்டுத்தான் ஏத்தினாரு. 'வழக்கம்போல வீட்டுக்குத்தானேண்ணே?'ன்னாரு. நீ தலையாட்டினே. நான் இங்கேதான் நின்னேன்."

ஹரிஷுக்கு அது நன்றாக நினைவிருந்தது. சின்னச்சாமி கயிற்றை இழுத்துக் கட்டியபடி கேட்டார். பழங்காநத்தம் என்ற ஒரு சொல் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொன்னால் எல்லாம் தொடங்கிவிடும். வீடு மாற்றுவது, அப்பாவின் முகம், கடையில் அடுத்த மெத்தை, எல்லாம். அவன் தலையாட்டினான். ஆட்டியதும் காய்ச்சல் இறங்கியது போல ஒரு நிம்மதி. ரம்யாவிடம் மறந்துவிட்டேன் என்று சொன்னான். மூன்று நாளில் அவனே அதை முக்கால்வாசி நம்பியும் விட்டான்.

"கலக்கட்டுமா, வேண்டாமா?" என்றான் வெங்கடேஷ்பாபு.

"வேண்டாம்."

*

வீட்டுக்குள் நுழையும்போது நாலரை மணி இருக்கும். வாசல் நிலையில் எனாமல் பளபளத்தது.

"அண்ணே, ஒட்டிராதீக! ஒருச்சாச்சு வாங்க!" பாண்டிராஜ் கத்தினார்.

ஹரிஷ் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தான். கூடத்தின் நான்கு சுவர்களிலும் முதல் கோட் முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர்கள். வெளிச்சம் வருவது கூரையில் பதித்த ஒரே கண்ணாடி வழியாக மட்டும். பழைய வெளிர் நீலம் இருந்தவரை அந்தக் கொஞ்ச வெளிச்சத்தைச் சுவர்கள் ஒன்றோடொன்று பகிர்ந்துகொண்டிருந்தன. இந்தப் பழுப்பு அதைக் குடித்துவிட்டது. காய்ந்த இடமெல்லாம் பாண்டிராஜ் சொன்னது போல ஒரு சுற்று இருண்டு, மூடிய அட்டைப்பெட்டிக்குள் நிற்பது போலிருந்தது. சாமான்கள் எல்லாம் நடுவில் குவிந்து கிடந்தன. உட்கார இடமில்லை. சாய ஒரு சுவர் இல்லை.

ராதாகிருஷ்ணன் நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட வந்தவர் கடைக்குத் திரும்பவே இல்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்குப்பா."

"தெருவே வந்து பாத்துட்டுப் போச்சு. எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம். ரம்யாவைக் கூப்பிட்டு நிக்க வச்சு, இவ எடுத்ததுன்னு சொன்னேன். மாடி ரூமையும் இன்னிக்கே முடிச்சுடலாம்னு இருக்கேன். எந்தச் சுவத்துக்கு அடர்த்தியா வேணும்னு அவளையே சொல்லச் சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"எதுவானாலும் சரின்னா. நல்ல பொண்ணு."

ரம்யா மாடிப்படியின் வளைவில் நின்றாள். காலையில் நின்ற அதே படி. கை நகத்தோரம் பழுப்பு ஒட்டியிருந்தது. வந்தவர்களுக்கு மூடியைத் திறந்து காட்டச் சொல்லியிருப்பார்கள். அவள் அவனையே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது தனக்கும் தெரியும். இனிச் சொல்வதில் என்ன கஷ்டம்? ஆனால் அதனால்தான் கஷ்டமாக இருந்தது. தெரியாதவரிடம் சொன்னால் அது செய்தி. தெரிந்துகொண்டே வாளியைத் திறந்தவரிடம் சொன்னால் அது சண்டை.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் வீட்டுப் பாஷையில்.

"சொல்லு" என்றார் ராதாகிருஷ்ணன். தமிழில்.

ஹரிஷ் குனிந்து, காலடியில் கிடந்த ஒரு காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

அவன் நிமிரும்வரை அவர் காத்திருந்தார். பிறகு பெயிண்டர் பக்கம் திரும்பினார்.

"ஏன் பாண்டிராஜ், வாடகை வீட்டுக்கு எவனாச்சும் இம்புட்டு ஒசத்தியான பெயிண்டு அடிப்பானா?"

"எவன்ணே அடிப்பான்?" ரோலரை நிறுத்தாமலே சொன்னார் பாண்டிராஜ். "காலி பண்றப்ப சுவத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டா போக முடியும்?"

"வீட்டுக்காரன் அட்வான்சுல கழிச்சுக்கிருவான், சுவத்தைக் கெடுத்துப்பிட்டேன்னு!" என்றான் முத்திருளன் ஏணியிலிருந்து.

ராதாகிருஷ்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பெயிண்டர்கள் சிரித்தார்கள்.

ஹரிஷும் சிரித்தான்.

நாலு பேர் சிரிக்கிற இடத்தில் சும்மா நிற்பதற்கும் தைரியம் வேண்டும். சிரித்து முடித்துத் தலை நிமிர்ந்தபோது படி வளைவில் ரம்யா இல்லை.

அவள் மறுபடி இறங்கி வந்தபோது தோளில் ஒரு பை இருந்தது. ஊருக்குப் போகும் பை அல்ல. லேபுக்குக் கொண்டுபோகும் பழைய பை. புடவையை உதறிக் கட்டியிருந்தாள்.

"எங்கேம்மா இந்த நேரத்துல?" ராதாகிருஷ்ணன் வீட்டுப் பாஷைக்கு மாறியிருந்தார். பாகு போன்ற குரல்.

"பழங்காநத்தம் மாமா."

ரோலர் நின்றது.

"அங்கே ஒரு வாடகை வீடு பாத்திருக்கோம். திங்கட்கிழமை நான் லேப்ல வேலைக்குச் சேர்றேன். இந்தப் பெயிண்ட் அந்த வீட்டுக்கு வாங்கினது. இப்போ சாவி வாங்கப் போறேன்."

மூன்று வாரமாக ஹரிஷ் மனசுக்குள் எழுதி எழுதி அழித்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. ராதாகிருஷ்ணனுக்குக் கோபம்கூட வரவில்லை. மெதுவாக மகன் பக்கம் திரும்பினார்.

"பாத்திருக்கோம்கிறா. நீயும் பாத்தியாடா?"

கூடத்தில் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். பாண்டிராஜ் மட்டும் வாளிக்குள் பார்த்தார்.

"பெயிண்ட் காயட்டும்ப்பா" என்றான் ஹரிஷ். "காஞ்சதும் உக்காந்து பேசிக்கலாம்."

ரம்யா அவனை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ரிசல்ட் வந்த சீட்டைப் படிப்பது போலப் படித்துவிட்டு வாசல் பக்கம் நடந்தாள்.

"முன்பக்கம் ஈரம். புடவையில பட்டுடும்" என்றது சாரதாம்பாளின் குரல். எப்போது அடுப்படியை விட்டு வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. "பின்வாசல் வழியாப் போ."

அவளே முன்னால் நடந்து, கொல்லைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். ரம்யா அதன் வழியாகச் சந்தில் இறங்கிப் போனாள். சாரதாம்பாள் திரும்பி வந்தபோது ராதாகிருஷ்ணன் அவளைப் பார்த்தார். அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நீ ரெண்டாவது கோட்டைப் பாரு பாண்டிராஜ்" என்றார் ராதாகிருஷ்ணன், தமிழில். "எங்கே போயிடப் போறா. பஸ் ஏறிப் போனவளுக்குத் திரும்பி வரவும் பஸ் இருக்கு."

*

ஹரிஷ் கிளம்பியதற்கு வீரம் காரணமில்லை. நிற்க முடியவில்லை, அதுதான் காரணம். எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் ஈரச் சுவர். அப்பா முக்காலியில் இருந்தபடி அவனைப் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஆறை நெருங்கியபோது, "கடையைப் பூட்டிட்டு வந்துடறேன்ப்பா" என்றான். அதுவும் பொய். கடை ஆள் எப்போதோ பூட்டிச் சாவி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ஸ்கூட்டரை எடுத்துக் காமராஜர் சாலையில் விழுந்தான். தெற்குவாசலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பூக்காரிகளும் ஆட்டோக்களும் டவுன் பஸ்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நகர மறுத்தன. வானம் மங்கிக்கொண்டே வந்தது. கடைகளில் ஒன்றிரண்டு பேர் விளக்கைப் போட்டுச் சாம்பிராணி காட்டத் தொடங்கியிருந்தார்கள். சாவி கிடைத்தால் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கிடைக்காவிட்டாலும் ஒருவகையில் சரியாகிவிடும் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. தோன்றியதும் ஆக்சிலேட்டரை முறுக்கினான், யாரோ கேட்டுவிட்டது போல.

பழங்காநத்தத்தில் ஜெயக்கொடி அம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹரிஷ் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே அந்த விளக்கைப் பார்த்தான்.

"வாங்க தம்பி, வாங்க. வரக்கூடிய நேரமா இது?" என்றார் அந்த அம்மாள். "பயப்படாதீக. பாப்பா வந்து சாவியை வாங்கிருச்சு. அது கைக்குப் போன பெறகுதேன் நான் தீக்குச்சியையே கிழிச்சேன். கெட்டிக்காரப் புள்ள. நீங்கதேன் ஆம்பளைன்னு பேரு, அசமந்தமா இருக்கீக."

"ஆமாம்மா" என்றான். அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. வீடு கிடைத்துவிட்டது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஏறினான்.

கதவு திறந்திருந்தது. ரம்யா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர், ஆணி பிடுங்கிய குழிகளோடு. பால்கனி வழியாகக் கடைசி வெளிச்சம் உள்ளே வந்து தரையில் கிடந்தது.

"நல்லவேளை, சாவி கிடைச்சிருச்சு" என்றான் மூச்சிரைக்க.

"சொல்லிட்டு வந்தீங்களா?"

"எதை?"

"மாமாகிட்ட."

"அவருக்கு முதல்லயே தெரியும் ரம்யா. செவ்வாய்க்கிழமையே தெரியும். வெங்கடேஷ் சொன்னான்."

"அவருக்குத் தெரியுமான்னு நான் கேக்கலை. நீங்க சொன்னீங்களான்னு கேட்டேன்."

"அதான் நீயே சொல்லிட்டியே."

"நான் எனக்காகச் சொன்னேன்." அவள் எழுந்து நின்றாள். "அவர் உங்களைக் கேட்டாரு. நீங்க பெயிண்ட் காயட்டும்னீங்க."

கீழே ஜெயக்கொடி அம்மாள் யாரையோ சத்தம் போட்டு விரட்டினார். கோழியாக இருக்கலாம்.

"வாளியை அங்கே அனுப்பினது மறதின்னு சொன்னீங்களே" என்றாள் ரம்யா. "மறந்தீங்களா?"

சட்டென்று ஒரு பொய் தயாராக வந்து நின்றது. இன்னொன்றும் வந்தது. இரண்டும் நல்ல பொய்கள். அவன் பால்கனியைப் பார்த்தான், ஆணிக் குழிகளைப் பார்த்தான், அவள் நகத்தோரப் பழுப்பைப் பார்த்தான்.

"இல்லை" என்றான். "மறக்கலை. சின்னச்சாமி கேட்டப்போ நான்தான் தலையாட்டினேன்."

அவள் நகத்தோரப் பழுப்பைப் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள்.

"சரி" என்றாள் பிறகு. "ஒரு இடத்துல வாயைத் திறந்துட்டீங்க. இன்னொரு இடம் பாக்கி இருக்கு."

"நாளைக்குக் காலையில முதல் வேலையா..."

"நாளைக்கு இல்லைங்க."

"இன்னிக்கு ராத்திரி இங்கே தங்கிட்டு..."

"போய்ச் சொல்லிட்டு வாங்க. அவர் தமிழ்ல பேசினாலும் சரி, எதுல பேசினாலும் சரி. சொல்லிட்டு எப்போ வேணாலும் வாங்க, நான் திறக்கறேன். சொல்லாம வந்தா தட்டாதீங்க."

"ரம்யா, நான் எங்கே போவேன்?"

"அது எனக்குத் தெரியாது. எனக்கு இது இருக்கு."

அவள் உள்ளே போனாள். கதவு முகத்துக்கு நேராகச் சாத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாள், பிறகு கீழ்த் தாழ்ப்பாள். அவன் கையை உயர்த்தினான், தட்டாமல் நிறுத்தினான். உள்ளே பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.